நடமாட்டத்தோடு வயதாக: வீட்டுக்கு உதவும் குறிப்புகள்

"கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்" என்று வேண்டிக்கொள்ளாத பெரியவர் நம் வீடுகளில் இல்லை. முதுமையை ஆராயும் விஞ்ஞானிகளும் இன்று கிட்டத்தட்ட அதையேதான் பேசுகிறார்கள். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது; இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறது. கூடிய வருடங்கள் கட்டிலில் கழிகின்றனவா, தெருமுனை வரை நடந்துபோய்க் கீரை வாங்கி வருவதில் கழிகின்றனவா என்பதுதான் விஷயம்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனித செல்கள் 40 முதல் 60 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்வது இதற்கு ஒரு காரணம். அப்படி நின்றுபோன செல்களில் சில சாகவும் மாட்டாமல், அக்கம்பக்கத்துத் திசுக்களில் அழற்சியைக் கிளப்பும் பொருள்களைக் கசியவிட்டுக்கொண்டே கிடக்கின்றன. பழுது பார்க்கும் வேகம் குறைகிறது, தசை கரைகிறது, ரத்தக் குழாய் விறைக்கிறது. இதை நிறுத்தும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. மெதுவாக்க வழி உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களும், வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்களும் செய்யக்கூடியவை இவை.

1. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். ஊன்றாமல் எழ முடியவில்லையென்றால் தொடைத் தசை பலமிழந்திருக்கலாம். முப்பதுகளிலேயே தசை குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. மாத்திரை எதையும்விட நான் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். செய்யும் முறை: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்படி முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். அந்த இறக்கமும் தசைக்கு நல்ல வேலைதான். காலையில் பால் பொங்குவதற்குள் ஒரு பத்து, சாயங்காலம் ஒரு பத்து. மூட்டு வலி உள்ளவர்கள் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

"இந்த வயசுல இனிமே என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

2. பிடியைக் கைவிடாதீர்கள். 17 நாடுகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று, கைப்பிடியின் பலம் 5 கிலோ குறைந்தவர்களிடம் இறப்பு 16 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. நம் நாடும் அதில் உண்டு. கை மட்டும் இளைப்பதில்லை. மொத்தத் தசையின் நிலையைக் கை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆட்டுக்கல்லுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சுமையைப் பெண்கள் இறக்கி வைத்தது நல்லதுதான். ஆனால் துண்டைக் கையால் பிழிவது, கறிகாய்ப் பையை நாமே தூக்கி வருவது, டி.வி. பார்க்கும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஏற்றி இறக்குவது எல்லாம் கணக்கில் சேரும்.

3. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள். ஒரு கை வாஷ்பேசின் விளிம்பில் இருக்கட்டும். பழகப் பழக விரல் நுனி மட்டும் தொட்டால் போதும்.

4. காய்ச்சல் வந்து தேறியவரை "பேசாம படுத்துக்கிடங்க" என்று அன்பாகக் கட்டிலோடு கட்டிப்போடுகிறோம். அது உபகாரமில்லை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்து உடல் திறனை அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரை மறுபடி அளந்தபோது ஓர் ஆச்சரியம். மூப்பு முப்பது வருடத்தில் பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது. இருபது வயதுக்கே இந்த நிலை என்றால் எழுபதுக்குச் சொல்லவேண்டியதில்லை. மருத்துவர் தடுக்காத வரை, சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் அவரை ஹாலுக்கு நடத்தி வாருங்கள்.

5. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். சீரியல் விளம்பர இடைவேளை இதற்கு உத்தமம். 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்பவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்கப் படியேறி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருந்தது. பின்னால் அவரே சீருடைக் கணக்கைப் புரட்டியபோது, டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரியது என்பதும் தெரியவந்தது.

6. ஆகவே இடுப்பையும் அளந்துவிடுங்கள். எடை மெஷின் சொல்லாததைத் தையல் டேப் சொல்லும். தொப்பைக்குக் கீழே பேண்ட் நிற்கும் இடத்தில் அளந்து "முப்பத்திரண்டுதான்" என்று மகிழக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்கவேண்டும். நம்மவர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ.; அதற்குள் இருப்பது நல்லது. குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. முன்னே சொன்ன அழற்சிக்கு அதுவும் எண்ணெய் ஊற்றுகிறது.

7. பெரியவர்களின் தட்டைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், மோர் சாதம், ராத்திரி கஞ்சி. வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போகாது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, கைப்பிடி வேர்க்கடலையில் 7, நூறு கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 முதல் 9, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் ரசம் சாதக்காரர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று தெரியும். மொத்தத்தையும் ஒரே வேளையில் ஏற்றாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்து அடையாகத் தட்டலாம். பருப்புத் துவையலை மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. மருத்துவர் சொல்வதே அளவு.

8. எலும்புக்குக் கேழ்வரகு. நூறு கிராம் மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலியும் எள்ளும் துணைக்கு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்வதால் அவர்களுக்கு இது கூடுதல் அவசியம்.

9. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். மொட்டை மாடியும் போதும், வீட்டு வராந்தாவும் போதும். ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை நடக்கும் கால்தசை இழுத்துக்கொள்கிறது. ஏறியபடியே நின்றால் அது புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சர்க்கரை என்று லேபில் எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பதே, ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான். இந்த ஒட்டல் ரத்தக் குழாய்ச் சுவரிலும், தோலின் கொலாஜனிலும், கண்ணின் லென்ஸிலும் நடக்கிறது. விறைப்பு, சுருக்கம், கண்புரை மூன்றிலும் இதற்குப் பங்கு உண்டு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. விளிம்பில் நிற்பவர்கள் அதைவிட அதிகம்.

10. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்கு முடித்துவிடுங்கள். சாப்பாடு வராத நேரத்தில் செல்கள், வீட்டில் விறகு தீர்ந்தால் உடைந்த நாற்காலியை அடுப்பில் வைப்பதுபோல, தமக்குள் பழுதாகிக் கிடக்கும் புரதங்களை எடுத்து எரித்துக்கொள்கின்றன. ஆட்டோஃபேஜி என்ற இந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. அரைவயிறு உணவு கொடுத்த எலிகள் அதிக நாள் வாழ்வதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே 1935-லேயே காட்டிவிட்டார். அதற்காக 'பதினெட்டு மணி நேரப் பட்டினி' வீடியோக்களைப் பார்த்துவிட்டு எழுபது வயதுப் பெரியவரைப் பட்டினி போடாதீர்கள். எலிக்குக் கூண்டில் விழுவதற்குப் படிக்கட்டு இல்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளையையும் விடக்கூடாது. ஏற்கெனவே இளைத்தவர்களுக்கு விரதம் வேண்டவே வேண்டாம்.

11. உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள். பிரித்த நாளைப் பேனாவால் பாக்கெட் மேலேயே எழுதி, காலியாகும் நாளைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வரவேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடை மிக்ஸர் எல்லாம் அதற்கு மேல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாலே பாதி குறையும். எழுந்துபோய் எடுக்கச் சோம்பல் எல்லோருக்கும் உண்டு.

சோடியம் குறைந்த உப்பும் கடைகளில் வருகிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரை வைத்து நடந்த சோதனையில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வந்த முடிவு இது. சிறுநீரக நோயாளிகளும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்களும் இதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

12. பி.பி. மெஷின் வாங்கியிருக்கிறீர்களா? மாடிப்படி ஏறி வந்த கையோடு கட்டிப் பார்த்துப் பயப்படாதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். வீட்டு அளவில் 135-க்கு 85 என்பதைத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக் குழாய் விறைக்க விறைக்க மேல் எண் ஏறும். "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிற விஷயமில்லை அது.

13. குளியலறை. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மற்ற அறைகளுக்குச் செலவழிப்பதில் கால்வாசியை இங்கே செலவழியுங்கள். வழவழ டைல்ஸ் மீது சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போடுங்கள். பிடித்துக்கொள்ளும் கம்பி சுவரில் ஆழமாகத் துளையிட்டு முடுக்கியதாக இருக்கவேண்டும். துண்டு தொங்கும் கம்பியைப் பிடித்தால் அது ஆளோடு சேர்ந்து வரும். சோப்பும் மக்கும் குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி, அடியில் ரப்பர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருந்தால், ஆபத்து நேரத்தில் கதவை உடைக்கவேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் நாளில் உள்ளங்காலில் எண்ணெய் வைப்பதைக் கடைசிக்குத் தள்ளி, முக்காலியில் உட்கார்ந்த பிறகு தேய்த்துக்கொள்ளட்டும். எழுவதற்கு முன் கால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

ராத்திரி எழுந்து போகும் வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பிறகு எழவேண்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிவதைச் சமாளிக்கும் வேகம் வயதானால் குறைந்துவிடும். தரையில் புரளும் நைட்டி, தடுக்கும் வேட்டி, மடிந்து கிடக்கும் மிதியடி மூன்றும் சிறிய சங்கதிகள்தான். இடுப்பெலும்பு முறிவு சிறிய சங்கதியில்லை.

14. டி.வி. சத்தம் தெருவரை கேட்கிறதா? காது பரிசோதனைக்கு அதுவே அழைப்பு. மறதி நோயைப் பற்றி லான்செட் இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் பாதிக்குச் சற்றுக் குறைவான நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறார்கள். காது மந்தம், பார்வைக் குறைவு இரண்டும் அதில் உள்ளன. கேட்காதவர் பேச்சைக் குறைக்கிறார், பேசாதவரிடம் நாமும் பேசுவதில்லை, மூளைக்கு வேலை போய்விடுகிறது. கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு ஏன் கூசுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. புரை விழுந்த கண்ணையும் "முத்தட்டும்" என்று காக்கவைக்க வேண்டியதில்லை. அந்தக் காலம் போய்விட்டது.

15. பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். சிகரெட் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவர்களையே 1951 முதல் ஐம்பது வருடம் பின்தொடர்ந்து ரிச்சர்ட் டாலும் கூட்டாளிகளும் சொன்ன கணக்கு இது: புகைப்பவர் சராசரியாகப் பத்து வருடம் முன்னால் போகிறார். 60 வயதில் விட்டாலும் மூன்று வருடம் திரும்பக் கிடைக்கும். 50-ல் விட்டால் ஆறு, 40-ல் விட்டால் ஒன்பது.

16. புகைக்காத வீட்டிலும் புகை உண்டு. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாத்திய அறையில் ராத்திரி முழுக்க அது எரிகிறது. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். சமையல் முடிந்த பிறகு போடுவதில் பயன் குறைவு.

17. முகச் சுருக்கத்துக்கு கிரீமைவிடத் தொப்பியும் குடையும் மலிவு. 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த புகைப்படம் பிரசித்தம்: 28 வருடம் லாரி ஓட்டியவரின் முகத்தில், ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி மட்டும் பத்திருபது வருடம் மூத்ததுபோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. புறஊதாக் கதிரில் ஒருவகை கண்ணாடியைக் கடந்து வந்து கொலாஜனை அறுக்கும். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் டிரைவர்கள் வலது கன்னத்தைக் கவனிக்கலாம்.

18. 'ஆன்டி ஏஜிங்' மாத்திரைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பின்லாந்தில் 29 ஆயிரம் புகைப்பவர்களை வைத்து பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதாக 1994-ல் முடிவு வந்தது. காரட்டில் இருந்தால் நல்லது, மாத்திரையில் இருந்தால் ஆபத்து என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சிவப்பு ஒயின் சத்து என்று புகழ்பெற்ற ரெஸ்வெரட்ரால் ஆராய்ச்சிக்காக, 2008-ல் பெரிய மருந்து கம்பெனி ஒன்று 72 கோடி டாலர் கொடுத்து ஒரு நிறுவனத்தையே வாங்கியது. ஆயுளைக் கூட்டும் மருந்து எதுவும் வரவில்லை. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ராப்பமைசின், வயதான எலிகளுக்கும் ஆயுளைக் கூட்டியது நிஜம். ஆனால் அது நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. வாட்ஸ்அப்பில் படித்து வாங்குகிற சரக்கல்ல.

மாத்திரையாகவே தேவைப்படக்கூடியது ஒன்று உண்டு: வைட்டமின் பி12. சைவம் சாப்பிடுபவர்களும், நெடுநாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கால் எரிச்சல், தள்ளாட்டம், மறதி என்று முதுமை வேஷத்தில் வரும் குறை அது.

19. நூறு வயது ஊர்களின் 'ரகசியத்தை' நம்புவதற்கு முன் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். 2010-ல் ஜப்பான் அரசு பதிவேட்டைச் சோதித்தபோது, நூறு தாண்டியதாகக் கணக்கில் இருந்தவர்களில் 2 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் இடமே தெரியவில்லை. அதில் பலர் எப்போதோ இறந்துபோனவர்கள்.

20. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். பெரியவருக்கென்று ஒரு செம்பு நிரப்பி வைத்து, மாலைக்குள் காலியாகிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில் நீர்மோர், உப்பைக் குறைத்து.

21. ராத்திரி படுக்கப்போகும் முன்னும் பல் தேயுங்கள். ஈறு வீக்கம் வாயோடு நிற்பதில்லை; உடம்பு முழுக்க அழற்சியைத் தூண்டும். பொய்ப்பல் செட்டைக் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்கவேண்டும்.

22. ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பகல் தூக்கம் அரை மணியோடு சரி. குறட்டையோடு இடையிடையே மூச்சே நின்று திணறுகிறவரை "நல்லா அசந்து தூங்குறார்" என்று விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டவேண்டிய விஷயம் அது.

23. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். இதய மருத்துவர் எழுதியது, எலும்பு மருத்துவர் எழுதியது, மருந்துக்கடைக்காரர் கொடுத்தது, பக்கத்து வீட்டில் நன்றாகக் கேட்டது என்று எல்லாம் வரட்டும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதும், தூக்க மாத்திரையும் சளி மாத்திரையும் சேர்ந்து தள்ளாட்டம் கொடுப்பதும் அப்போதுதான் பிடிபடும்.

24. தினமும் ஒருவரிடமாவது நேரில் பேசுவதற்கு வழி செய்யுங்கள். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கி இன்னும் நடக்கும் ஆய்வு, முதுமையில் நலமாக இருப்பவர்களைச் சொல்வதில் கொழுப்பு அளவைவிட உறவுகளின் தரம் முந்துவதைக் கண்டது. போன் ரீசார்ஜ் செய்து கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

25. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ எடை 5 சதவீதம் குறைந்தால், 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்தால், மருத்துவரிடம் போகவேண்டும். எடை மெஷின் இல்லாத வீட்டில் மோதிரம் கழல்வதையும், வளையல் முழங்கை வரை ஏறுவதையும், ரவிக்கைக்குப் பிடிப்புத் தையல் போடவேண்டி வருவதையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்.